வழியில் நின்ற வண்டி

அம்பாசடர் காரைப் பற்றி இன்றைய இளைஞரிடம் பேசினால் சிரிக்கிறார்கள். 1957-இல் தொடங்கிய அதன் உற்பத்தி, கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014-இல் நின்றுபோயிற்று. ஒரு காலத்தில் நம் பங்கு இல்லங்கள் பலவற்றின் முற்றத்தை நிறைத்து நின்றது அதுவே. எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் அதைப் பழுதுபார்க்க ஓர் ஆள் இருப்பார் என்பதே அதன் பெருமை. அந்த நம்பிக்கை நம்மைச் சற்றுச் சோம்பேறியாகவும் ஆக்கிவிட்டது.

1999 மே மாதம். குருப்பட்டம் பெற்று ஓராண்டே நிறைந்திருந்தது. சங்கரன்கோவிலுக்கு அண்மையில் ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். பங்குத்தந்தை விடுப்பில் சென்றிருந்ததால் வீடும் வண்டியும் கணக்குப் புத்தகமும் நம் பொறுப்பில் இருந்தன. ஒரு நண்பகலில் கோவில்பட்டியிலிருந்து தொலைபேசி வந்தது. சிறுவயதில் நமக்கு ஞானோபதேசம் கற்றுத்தந்த முதிய உபதேசியார் அங்கே மருத்துவமனையில் கடைசி நிலையில் இருக்கிறார். அவ்வூர்க் குருவானவர் நோயில்பூசுதல் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் நம்மைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றார்கள்.

கழுகுமலை வழியாகச் சென்றால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் போதும் என்று புறப்பட்டோம்.

ஊரைக் கடந்து ஆறேழு கிலோமீட்டர் சென்றிருப்போம். முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. வயதான வண்டியின் முணுமுணுப்பு என்று அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு வெப்பமானியின் முள் ஏறியது. பிறகு முகப்பு மூடியின் இடுக்கிலிருந்து ஆவி புறப்பட்டது. ஓட்டுநர்த் தம்பி வண்டியை ஓரங்கட்டித் திறந்து பார்த்தார். விசிறி, தண்ணீர்ப் பம்பு, டைனமோ மூன்றையும் சுழற்றும் ஒரே பட்டையான ஃபேன் பெல்ட் அறுந்து கிடந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் மெக்கானிக் சொல்லியிருந்தார்: "சாமி, பெல்ட்டுல வெடிப்பு விழுந்திருக்கு, மாத்திருங்க." பெரிய செலவன்று. அடுத்த மாதக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் நாமே. அதைத் தம்பி அப்போது நினைவூட்டவில்லை. அவருடைய பெருந்தன்மை.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும். ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கரிசல் காடு வெயிலில் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. நிழல் என்று சொல்ல ஒரு வேலிக்கருவை.

கோவில்பட்டிப் பேருந்து ஒன்று வந்தது. "நீங்க ஏறிப் போயிருங்க சாமி, நான் வண்டியப் பாத்துக்கிடுதேன்" என்றார் தம்பி. நாம் கையை நீட்டவில்லை. பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்றோம். உண்மைக் காரணம் வேறு. சொந்த வண்டியில் புறப்பட்டவர், வெள்ளை அங்கியோடு கூட்டத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவதா என்ற எண்ணம். வாசகரிடம் இதை மறைத்துப் பயனில்லை.

விசைத்தறித் தொழிலாளி ஒருவர் டிவிஎஸ் 50-இல் வந்தவர் நின்றார். எட்டிப் பார்த்தார். "நம்ம தறியில இதே மாதிரி பெல்ட்டுதான் சாமி ஓடுது. இருங்க, பாப்போம்" என்று சொல்லித் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

தனியே நின்றபோது புனித சவேரியார் நினைவுக்கு வந்தார். 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறியவர் 1542 மே மாதந்தான் கோவா சேர்ந்தார். இடையில் ஏறத்தாழ ஆறு மாதம் மொசாம்பிக்கில் தங்கநேர்ந்தது. பருவக்காற்று வராமல் பாய்மரம் நகராது. அவர் அங்கே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தாமும் நோயுற்றார். இதைக் குருமடத்தில் படித்தபோது உருகியிருக்கிறோம். 'தாமதமும் தேவ சித்தமே' என்று மறையுரையில் சொல்லியும் இருக்கிறோம். ஆனால் அந்த வேலிக்கருவையின் கீழ் அவ்வாறு சொல்லிக்கொள்ள நா எழவில்லை. அவரை நிறுத்தியது காற்று. நம்மை நிறுத்தியது, மாற்றியிருக்க வேண்டிய ஒரு ரப்பர்ப் பட்டை. நம் அசட்டையை எல்லாம் ஆண்டவர் கணக்கில் எழுதிவிடுவது குருக்களாகிய நமக்கு மிக எளிதாக வருகிறது.

இரண்டாவது பேருந்தும் போயிற்று. இப்போது வண்டியைத் தனியே விட்டுப் போகமுடியாது என்ற நியாயமான காரணம் இருந்தது.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் இருவரும் பெல்ட்டோடு வந்தார்கள். அது சற்று நீளம். டைனமோவைத் தளர்த்தி வெளியே இழுத்து, அந்தத் தொய்வை வாங்கி முடுக்கினார்கள். அருகிலிருந்த தோட்டத்துப் பம்புசெட்டிலிருந்து குடத்தில் நீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். "விரட்டாமப் போங்க சாமி" என்றார் அந்தத் தொழிலாளி. பணம் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கோவில்பட்டி சேரும்போது ஐந்தேகால். உபதேசியார் நாலேகாலுக்கே கண்மூடிவிட்டார்.

அவருடைய மனைவி நம்மைக் கண்டதும் எழுந்தார். "கேட்டுக்கிட்டேதான் சாமி இருந்தாக. பொறவு அவுகளே, 'சாமி வண்டி வழியில நின்னுருக்கும், வருவாக, திட்டாதீக'ன்னு சொன்னாக" என்றார்.

அவர் வாழ்நாள் முழுதும் சைக்கிளில் கிளைப்பங்குகளுக்குச் சென்றவர். ஓர் ஊருக்கு ஒரு மணி நேரப் பயணம் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னதாகவே புறப்படுவார். கேட்டால், "பஞ்சர் ஒட்ட அரைமணி" என்பார். சைக்கிள் பெட்டியில் பம்பும் ரப்பர்த் துண்டும் பசையும் எப்போதும் இருக்கும். சிறுவர்களாகிய நாங்கள் பின்னால் நின்று அதைப் பார்த்துக் கேலி செய்திருக்கிறோம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், புதுப் பெல்ட் மாட்டியபின், பழையதைத் திருப்பிக் கொடுக்கச் சங்கரன்கோவிலில் அந்தத் தறிக்கூடத்தைத் தேடிச் சென்றோம். நாலைந்து தறிகள் இரைந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் பாதிச் சேலையோடு நின்றிருந்தது. அது அவருடைய தறி. கழித்துப்போட்ட பெல்ட் ஒன்றைத்தான் கொண்டுவந்து தந்தார் என்று நாம் நினைத்திருந்தோம். ஓடிக்கொண்டிருந்த தறியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நெய்கிற சேலைக்குத்தான் கூலி.

"ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"அவசரமாப் போறீகன்னு தம்பி சொன்னாரு. நேரத்துக்குப் போய்ச் சேந்தீகளா சாமி?" என்றார்.

பதில் சொல்வதற்குள் அவர் பெல்ட்டைப் பொருத்திச் சுவிட்சைத் தட்டிவிட்டார். தறியின் இரைச்சலில் நாம் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.