விம் என்றால் பாத்திரத்துக்கு மட்டுமா?

"விம்மா? அது பாத்திரம் துலக்குற சோப்பாச்சே, அதுல படிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார் என் மாமியார். கேட்டதில் தப்பில்லை. கடையில் விம் என்றால் சோப்புக் கட்டியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நான் சொல்கிற விம், கம்ப்யூட்டரில் எழுதுவதற்கான ஒரு கருவி. படம் கிடையாது, மௌஸ் கிடையாது. டெர்மினல் என்கிற கறுப்புத் திரையும் எழுத்தும்தான்.

ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவளுக்கு இது எதற்கு என்பீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததே, நினைவிருக்கிறதா? புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் இருக்கும் எங்கள் கிளியனூர் மட்டும் தப்புமா? வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் என் அளவு நோட்டு ஊறிப்போயிற்று. பன்னிரண்டு வருஷத்து அளவுகள்! மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் மசி கரைந்து நீலச் சேறாகிவிட்டது. பொங்கலுக்குள் எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி அளவெடுக்க முடியுமா? சில பேர் வேறு டெய்லரைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பரணில் இருந்ததால் பிழைத்தது என் மகளின் பழைய லேப்டாப். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது. வயசாகி, எதைத் திறந்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மகள் அதில் லினக்ஸைப் போட்டாள். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறது, அங்கே கற்றுக்கொண்டது. "அம்மா, இதுல விம் மட்டும் போதும். வேகமா ஓடும்" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். பாக்கிப் பாடமெல்லாம் போனில்தான்.

முதலில் புரிய வேண்டியது ஒன்றே ஒன்று. விம்மைத் திறந்தவுடன் தட்டினால் எழுத்து விழாது. தட்டுவதெல்லாம் கட்டளை. தையல் மெஷினில் சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்தினால் என்ன ஆகும்? மிதி அதே மிதிதான், ஆனால் ஊசி அசையாது, பாபினில் நூல் சுற்றும். இறுக்கினால் மறுபடி தையல். இங்கேயும் அப்படித்தான். 'ஐ' எழுத்தைத் தட்டினால் எழுதும் நிலை. 'எஸ்கேப்' பொத்தானைத் தட்டினால் கட்டளை நிலை. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். 'டி' எழுத்தை இரண்டு முறை தட்டினால் ஒரு வரி போய்விடும். ஐயோ என்றால் 'யு' தட்டுங்கள், திரும்பி வந்துவிடும். (துணியை வெட்டிவிட்டு இப்படி ஒரு 'யு' தட்ட முடிந்தால்!)

வெளியே வர எஸ்கேப், இரட்டைப் புள்ளி, 'டபிள்யூ', 'க்யூ', பிறகு எண்டர். எழுதியது பத்திரமாகிக் கருவியும் மூடிக்கொள்ளும். இது தெரியாமல் என்ஜினீயர்களே உள்ளே மாட்டிக்கொள்வார்களாம். இதற்கு இன்டர்நெட்டில் கேட்டிருந்த ஒரு கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள்!

கூடவே 'விம்டியூட்டர்' என்று ஒரு பாடமும் வருகிறது. அரைமணியில் முடியும் என்று போட்டிருக்கிறது. எனக்கு நாலு மத்தியானம் ஆயிற்று. நடுவில் உலை வைக்க வேண்டாமா?

இந்தச் சுருக்க எழுத்துகளுக்குக் காரணம் இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்பவர் 'வீ-ஐ' என்று இதன் மூதாதையை எழுதியபோது, தொலைபேசிக் கம்பி வழியாக வினாடிக்கு 30 எழுத்துதான் வருமாம். ஆகவே சிக்கனம். அவர் தட்டிய யந்திரத்தில் எச், ஜே, கே, எல் எழுத்துகளின் மேலேயே அம்புக்குறிகள் இருந்தன. இன்றைக்கும் நகர்வதற்கு அந்த நாலு எழுத்துதான்.

1991-இல் விம்மை வெளியிட்டவர் பிராம் மூலெனார், டச்சுக்காரர். இதற்குக் காசு கேட்கவில்லை. 1994-இல் உகாண்டாவில் கிபாலே என்ற ஊரில் ஒரு வருஷம் தொண்டு செய்தவர், எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த அந்த ஊர்க் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். எங்கள் லேப்டாப்பில் விம்மை வெறுமனே திறந்தபோது திரை நடுவில் அந்த வேண்டுகோளைப் பார்த்தேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் 2023 ஆகஸ்ட் 3-இல் 62-வது வயதில் காலமாகிவிட்டார்.

ஒரு குறை உண்டு. எங்கள் லேப்டாப்பின் கறுப்புத் திரையில் தமிழ் வருவதில்லை. பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டுகிறேன். மனசுக்குச் சம்மதமில்லை.

பேட்டரி செத்த லேப்டாப், எங்கள் ஊர்க் கரண்ட். ஆனால் விம் நாம் தட்டத் தட்டத் தனியே ஒரு நகல் எழுதிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் வந்து திறந்தால், "பாதியில் நின்றதை மீட்கவா?" என்கிற மாதிரி கேட்கும். 'ஆர்' தட்டினால் கடைசியாகத் தட்டிய கொஞ்சம் போக மற்றது வந்துவிடும்.

ஒரு ஆளுக்கு ஒரு வரி. சாய்கோடு தட்டிப் பெயரை எழுதினால் அந்த வரிக்கே போய் நிற்கும். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்தால் 'என்' தட்டத் தட்ட அடுத்தவர் வருவார். இதுவரை 143 வரி. மாதக் கடைசியில் மகள் வரும்போது பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போகிறாள். இன்னொன்று பரணில் இருக்கிறது.