பிள்ளையார் ஒரு கரையில், பெருமாள் மறு கரையில்

காவிரிக்கு வடகரை உண்டு, தென்கரை உண்டு. சோழ நாட்டுப் பாடல் பெற்ற தலங்களை வடகரையில் 63, தென்கரையில் 127 என்று பெரியோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். எந்தக் கரையில் இறங்கினால் எந்தத் தலம் அருகில் என்பது தல யாத்திரை செய்யும் அன்பர்களுக்கு மனப்பாடம். கரை மாறி இறங்கிவிட்டால் ஒரு பொழுது வீணாகும் என்பதும் அவர்கள் அறிந்ததே.

கடல் கடந்து அமெரிக்காவின் நியூயார்க் மாநகருக்குச் செல்லும் நம் முதியவர்களுக்கும் இந்தக் கரைக் கணக்கு தேவைப்படுகிறது. அங்கே ஓடுவது ஹட்சன் நதி. அதன் கீழ்க்கரையில் நியூயார்க், மேல்கரையில் நியூஜெர்சி. இரு மாநிலங்களும் சேர்ந்து ஒரே பெருநகரம் போலப் பரந்து கிடக்கின்றன. இப்பெருநகரத்துக்கு மூன்று பெரிய விமான நிலையங்கள் உள்ளன. 2023ஆம் ஆண்டில் மட்டும் இம்மூன்றின் வழியாகச் சுமார் 14 கோடியே 40 லட்சம் பயணிகள் வந்துபோனார்கள். பிள்ளைகளையும் பேரக் குழந்தைகளையும் காணச் செல்லும் நம் ஊர்ப் பெரியவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

கும்பகோணத்துத் தம்பதி ஒருவர்க்கும் அப்படியொரு பயணம் வாய்த்தது. கணவருக்கு வயது 76, மனைவிக்கு 71. மகன் குடியிருப்பது நியூஜெர்சியின் எடிசனில். மின்விளக்கைத் தந்த விஞ்ஞானி தாமஸ் எடிசன் தம் ஆய்வுக்கூடத்தை அமைத்திருந்த மென்லோ பார்க், இன்று அவர் பெயரையே தாங்கிய அந்த ஊரில்தான் அடங்கியிருக்கிறது. மகள் வசிப்பதோ எதிர்த்திசையில், லாங் ஐலண்டின் ஹிக்ஸ்வில்லில். இருவருமே, “அப்பா, முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும்” என்றார்கள். மகன் புது வீடு வாங்கியிருந்தான். மகளுக்கோ பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எந்த விமான நிலையத்துக்குப் பயணச்சீட்டு எடுப்பது என்ற கேள்வி, எந்தப் பிள்ளையின் வீட்டு வாசற்படியை முதலில் மிதிப்பது என்ற கேள்வியாக மாறிவிட்டது. அம்மையாருக்கு முழங்கால் வலி. இன்னொரு முறை இவ்வளவு தூரம் வர உடல் இடம் கொடுக்குமா என்பது இருவர் மனத்திலும் இருந்தது. வாய்விட்டு ஒருவரும் சொல்லவில்லை.

மூன்று வாசல்கள்

மூன்று நிலையங்களில் மூத்தது நியூவார்க். நியூஜெர்சி மண்ணில் 1928இல் தொடங்கப்பட்டது. அடுத்தது 1939இல் திறக்கப்பட்ட லகுவார்டியா. மூன்றாவது 1948இல் ஐடில்வைல்ட் என்ற பெயரில் தொடங்கி, குடியரசுத் தலைவர் கென்னடி மறைந்த 1963ஆம் ஆண்டின் டிசம்பரில் அவர் பெயரைப் பெற்ற ஜான் எஃப். கென்னடி விமான நிலையம். மக்கள் வழக்கில் ஜே.எஃப்.கே. பின்னிரண்டும் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ளன. மூன்றையும் நிர்வகிப்பது இரு மாநிலங்களும் சேர்ந்து 1921இல் அமைத்த துறைமுக ஆணையமே.

லகுவார்டியா தோன்றிய கதை சுவையானது. 1934இல் நியூயார்க் மேயராக இருந்தவர் ஃபியோரெல்லோ லகுவார்டியா. அவருடைய பயணச்சீட்டில் ‘நியூயார்க்’ என்று அச்சிட்டிருந்தது. விமானமோ நியூவார்க்கில் போய் இறங்கியது. “இது நியூஜெர்சி அல்லவா, என் ஊர் எங்கே?” என்ற தோரணையில் அவர் இருக்கையை விட்டு எழ மறுத்துவிட்டார். முடிவில் அவரை ஏற்றிக்கொண்டு விமானம் மீண்டும் பறந்து, புரூக்ளினில் இருந்த ஃபிளாய்ட் பென்னெட் தளத்தில் இறக்கிவிட்டது. தம் நகரத்துக்குள்ளேயே ஒரு நல்ல விமான நிலையம் வேண்டும் என்று அவர் இடைவிடாது பாடுபட்டதன் பலனே இன்று அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது.

மேயருக்கு நேர்ந்த அந்தக் குழப்பம் இன்றும் தீர்ந்தபாடில்லை. பயணச்சீட்டு தேடும்போது ‘நியூயார்க்’ என்று குறித்தால் மூன்று நிலையங்களும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. கட்டணம் குறைவு என்று பார்த்தவுடன் எடுத்துவிட்டு, பிறகுதான் கரை மாறியதை அறிந்து வருந்துவோர் உண்டு. ஜே.எஃப்.கே., ஈ.டபிள்யூ.ஆர். (இது நியூவார்க்), எல்.ஜி.ஏ. (இது லகுவார்டியா) என்ற மூவெழுத்துக் குறிகளைப் படித்துப் பார்ப்பது நலம்.

இந்தியாவிலிருந்து செல்வோருக்கு லகுவார்டியா நேரடியாகப் பயன்படாது. 1,500 மைலுக்கு, அதாவது சுமார் 2,400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரப் பயணங்களுக்கு, சிற்சில விலக்குகள் நீங்கலாக, அங்கே அனுமதி இல்லை. ஆகவே பெரியவர்கள் முன் நிற்கும் வாசல்கள் இரண்டே: கீழ்க்கரையில் ஜே.எஃப்.கே., மேல்கரையில் நியூவார்க்.

பாலங்களின் கணக்கு

வரைபடத்தில் பார்த்தால் இவ்விரண்டுக்கும் இடைவெளி பெரிதாகத் தோன்றாது. சாலையில் இறங்கினால்தான் அருமை புரியும். நியூவார்க்கிலிருந்து எடிசன் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரே நெடுஞ்சாலை, பாலம் எதையும் கடக்க வேண்டியதில்லை. ஜே.எஃப்.கே.யில் இறங்கி எடிசன் செல்வதானால், கடலோரச் சாலையில் புரூக்ளினைச் சுற்றி, 1964இல் திறக்கப்பட்ட வெரசானோ பாலத்தைக் கடந்து, ஸ்டேட்டன் தீவின் குறுக்கே போய், கோதல்ஸ் பாலத்தையும் தாண்ட வேண்டும். இருமடங்குக்கும் மேற்பட்ட தூரம். சுங்கக் கட்டணம் தனி. மாலை நேர நெரிசலில் அகப்பட்டால் இரண்டு மணி நேரம் கூட ஆகலாம்.

ஹிக்ஸ்வில் செல்வோருக்கு இதே கணக்கு தலைகீழ். ஜே.எஃப்.கே.யிலிருந்து அதுவும் ஏறக்குறைய 30 கிலோமீட்டரே. நியூவார்க்கில் இறங்கினால் மாநகரத்தின் நெரிசல் முழுவதையும் கிழித்துக்கொண்டு கிழக்கே போக வேண்டும்.

பதினைந்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து கால் வீங்கி வருகிறவருக்கு, இறங்கிய பின் காரில் கழியும் அந்த இரண்டு மணி நேரமே பயணத்தின் கடினமான பகுதி. கட்டணத்தில் மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய் அந்த வேதனைக்கு ஈடாகாது.

முதியோர் இன்னும் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேர் விமானம் இல்லை. எங்கேனும் ஓரிடத்தில் மாறியே ஆக வேண்டும். அந்த மாற்றம் டெல்லியிலோ மும்பையிலோ அமைந்தால் மொழிச் சிரமம் குறைவு. அமெரிக்காவுக்குள் வேறொரு நகரில் இறங்கி மாறுவதாக இருந்தால், குடிநுழைவுச் சோதனை அந்த முதல் நகரிலேயே நடக்கும். பெட்டிகளையும் அங்கேயே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். இதைத் தவிர்ப்பது நல்லது. அபுதாபி வழியாகச் செல்வோருக்கு 2014 முதல் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும் வசதி இருக்கிறது.

சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் சீட்டு எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆசையாக எடுத்துச் செல்லும் கறிவேப்பிலை, பச்சைக் காய்கனி, விதைகள் ஆகியவற்றுக்கு அங்கே அனுமதி இல்லை. சுவாமிக்கென்று எடுத்து வைத்த துளசியோ வில்வமோ கையில் இருந்தால், கேட்கும் அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

அம்மையார் சொன்ன வழி

மகனும் மகளும் தொலைபேசியில் மாறி மாறி நியாயம் பேசினார்கள். பெரியவர் ஒருநாள் ஒரு பக்கம் சாய்ந்தார், மறுநாள் மறு பக்கம் சாய்ந்தார். கடைசியில் அம்மையார்தான் கேட்டார்: “என்னங்க, அந்த ஊரில் பிள்ளையார் கோயில் எந்தப் பக்கம் இருக்கிறது?”

பிள்ளையார் இருப்பது கீழ்க்கரையில். குயின்ஸின் ஃபிளஷிங் பகுதியில், பவுன் தெருவில் எழுந்தருளியிருக்கிறார் ஸ்ரீ மகாவல்லப கணபதி. ஜே.எஃப்.கே.யிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். பெருமாள் இருப்பது மேல்கரையில். நியூஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் வேங்கடேசப் பெருமாள் கோயில், நியூவார்க்கிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மகனின் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்.

“பிள்ளையாரைப் பார்த்துவிட்டு உள்ளே போவோம், பெருமாளைச் சேவித்துவிட்டு ஊருக்குத் திரும்புவோம். இதில் யார் மனம் வருந்த முடியும்?” என்றார் அம்மையார்.

போவது ஜே.எஃப்.கே., திரும்புவது நியூவார்க் என்று டெல்லி வழியாகச் சீட்டு எடுக்கப்பட்டது. இவ்வாறு ஒரு நிலையத்தில் இறங்கி மற்றொன்றிலிருந்து புறப்படும் வகையிலும் சீட்டு எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரு நிலையங்களுக்கும் விமானம் விடும் நிறுவனமாகப் பார்த்துத் தேர்ந்தால் கட்டணமும் பெரிதும் மாறுவதில்லை.

மகன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரிப்பா, அழைத்துவர நானும் ஜே.எஃப்.கே.வுக்கு வருகிறேன்” என்றான்.

பவுன் தெருக் கணபதி

ஃபிளஷிங் கணபதி ஆலயம், அமெரிக்காவில் ஆகம முறைப்படி எழுந்த ஆலயங்களில் முன்னோடியானது. ஐ.நா. சபையில் பணியாற்றிய டாக்டர் அழகப்பா அழகப்பன் முதலானோரின் முயற்சியால் 1970இல் இதற்கென ஓர் அமைப்பு உருவாயிற்று. முன்பு ரஷ்யக் கிறித்தவத் திருச்சபைக்கு உரியதாக இருந்த இடம் வாங்கப்பட்டது. 1977ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. சிவபெருமான், பார்வதி, வேங்கடேசப் பெருமாள், மகாலட்சுமி, சண்முகர் முதலிய சந்நிதிகளும் உள்ளே உண்டு. விநாயகர் சதுர்த்தி விழாவில் கணபதி தேரேறி ஃபிளஷிங் வீதிகளில் உலா வருகிறார்.

அந்தத் தெருவின் பெயரிலும் ஒரு பொருத்தம் அமைந்திருக்கிறது. ஜான் பவுன் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்தவர். அப்போதைய டச்சு ஆட்சி தடை செய்திருந்த குவேக்கர் என்னும் பிரிவினர் வழிபட, தம் இல்லத்தைத் திறந்துவிட்டார். அதற்காக 1662இல் சிறை பிடிக்கப்பட்டார். அவரவர் தெய்வத்தை அவரவர் வழியில் வணங்க இடம் வேண்டும் என்று துன்பம் ஏற்ற ஒருவரின் பெயர் கொண்ட வீதியில், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் நம் கணபதி குடியேறினார். 2022 ஏப்ரலில் அவ்வீதியின் ஒரு பகுதிக்கு ‘கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்’ என்ற துணைப் பெயரையும் நகரம் சூட்டிச் சிறப்பித்தது.

தம்பதி விமான நிலையத்திலிருந்து நேரே அங்கு சென்றார்கள். மகள் சந்நிதி வாசலிலேயே காத்திருந்தாள். மகன் தாயின் கையைப் பிடித்துப் படியேற்றினான். தீபாராதனை முடிந்து, கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை உண்ணும்போது, யார் வீடு முதலில் என்ற பேச்சு ஒருவர் வாயிலும் எழவில்லை. நால்வரும் ஒருசேர முதலில் புகுந்தது பிள்ளையாரின் வீடு அல்லவா?

மறு கரை

மகளின் பிரசவம் நல்லபடியாக முடிந்து, குழந்தைக்குப் பெயர் வைத்த பின், தம்பதி கரை மாறி எடிசன் சென்றார்கள். புது வீட்டின் பூஜை அறையில் அம்மையார் விளக்கேற்றினார். அதுவரை அந்த அறையில் சுவாமி படங்களை மாட்டாமல் மகன் வைத்திருந்தான். எந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்பதை அம்மா வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தானாம். அதைக் கேட்ட தாயின் கண்கள் நிறைந்தன.

அங்கிருந்து ஒருநாள் தெற்கே ராபின்ஸ்வில்லுக்கும் சென்றார்கள். அங்கே 2023 அக்டோபர் 8இல் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் அக்ஷர்தாம், 12 ஆண்டுகள் உழைத்து எழுப்பிய மாபெரும் கற்கோயில்.

ஊர் திரும்பும் நாளன்று காலை பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் சந்நிதியில் நின்றார்கள். தீர்த்தமும் சடாரியும் பெற்றார்கள். நியூவார்க் நிலையத்துக்குக் கைக்குழந்தையுடன் மகளும் வந்துவிட்டாள். இரண்டு பாலங்கள் தாண்டி வந்த களைப்பு அவள் முகத்தில் தெரியவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த பாட்டியின் மடியில் ஒரு நிமிடம் குழந்தையை வைத்து எடுத்தாள். பாட்டி தம் கைப்பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்து மீதமிருந்த விபூதிப் பொட்டலத்தை இரண்டாகப் பிரித்து, மகனிடம் ஒன்றும் மகளிடம் ஒன்றுமாகக் கொடுத்தார்.

நதிக்கு இரண்டு கரைகள் இருக்கலாம். இரண்டிலும் இறைவன் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறான். வயதான காலத்தில் நெடும்பயணம் புறப்படும் அன்பர்கள், பிள்ளைகளின் முகவரியோடு அந்த இடத்தையும் குறித்துக்கொண்டு பயணச்சீட்டு எடுத்தால், எந்த வாசலில் இறங்கினாலும் மனம் அமைதியுறும்.