விட்டுப் பிடி

காற்றுக் காலம் தொடங்கிவிட்டால் மணப்பாட்டு மணலில் ராவணன் மீசை உருள ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு நாங்கள் ஓடுவது அதைத் துரத்தத்தான். கடற்கரை மேட்டில் படரும் முரட்டுப் புல் அது. இலை ஊசியாய்க் குத்தும். கதிர் முற்றிக் காய்ந்ததும் காம்போடு கழன்று, வைக்கோல் நிறத்தில் ஒரு முள்பந்தாகிவிடும். காற்று உந்த, முள் நுனி மட்டும் மணலில் பட, குதித்துக் குதித்துப் போகும். ஆளுக்கொன்றைப் பிடித்து வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் கையை எடுப்போம். யாருடைய பந்து தூரமாய்ப் போகிறதோ அவன்தான் அன்றைக்கு ராஜா.

ஒருநாள் தோற்றுப்போன ஆத்திரத்தில் என் பந்தை மிதித்து நசுக்கினேன். அது போதாதென்று, கிடந்த பந்துகளையெல்லாம் கூட்டிக் குவித்துத் தீ வைக்கப் போனேன். வள்ளத்து நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த தாத்தா பார்த்துவிட்டார்.

“ஏலே, இங்க வா. அது எங்க போய் நிக்குதுன்னு என்னைக்காவது பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். கருமேனியாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பந்து தட்டி நின்றிருந்தது. அதன் மறைவில் காற்று போட்டுவிட்டுப் போன மணல், நாலு விரல் உயரத்துக்கு, எறும்புப் புற்றுபோல் சேர்ந்திருந்தது. தாத்தா குனிந்து பந்தைப் பிரித்து உள்ளே இருந்த விதையைக் காட்டினார். “இது முளைச்சா மணலு இன்னும் ஏறும். ஏறினா மேடு. மேடு இருந்தாத்தான் ஊரு. நீ விட்டுரு. விட்டுத்தான் பிடிக்கணும்.”

தூண்டிலில் பெரிய மீன் மாட்டினாலும் அவர் சொல்வது அதே சொல்தான். இழுத்தால் கயிறு அறும், விட்டுப் பிடி.

எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்று. அதன் தலையில் திருச்சிலுவை ஆலயம். கீழே 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாக ஊர் நம்பும் குகை. குன்றைத் தாண்டினால் எல்லாம் மணல்தான். அந்த மணல் ஒரு வருடம் இருந்த இடத்தில் மறுவருடம் இருக்காது. அதைக் கொஞ்சமாவது கட்டிப்போட்டது சுவரோ கல்லோ அல்ல. ராவணன் மீசையும் அடப்பங்கொடியும்தான். ஆட்டுக் குளம்புபோல் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக ஓடும் அடப்பங்கொடி, கணுவுக்குக் கணு வேர் இறக்கி மணலைத் தைத்துவிடும். விளையாட்டுக் கயிறுக்காக அதை அறுத்து வந்தால் ஆச்சி விறகுக் குச்சியை எடுத்துவிடுவாள். “வீட்டுக் கூரையைப் பிச்சுட்டு வந்திருக்கான் பாரு” என்பாள்.

ராத்திரியில் தாத்தா முத்துக்குளித்த கதை சொல்வார். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்புகளில் அவர் கல் கட்டி இறங்கியவர். வயலுக்குப் பெயர் இருப்பதுபோல் கடலுக்கடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டான பாருக்கும் பெயர் உண்டு என்று அவர் சொல்லித்தான் தெரியும். தொலாயிரம் பார், குடமுத்துப் பார். எட்டு, பத்துப் பாகம் ஆழம். காலடியில் கல்லின் கனம் இழுக்க, ஒரே மூச்சில் அடிமட்டத்துக்குப் போய், கைக்கு எட்டிய சிப்பியை வலைப்பையில் அள்ளிக் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவன் தூக்குவான்.

எனக்குப் பிடித்தது அந்த மூச்சு அல்ல. அதற்கு முந்தைய காத்திருப்பு. பாரைப் பார்வையிட்டு, சிப்பியை எடுத்து எண்ணி, முத்து விளையும் வயது வந்துவிட்டதா என்று சோதித்த பிறகுதான் அரசு குளிப்பு அறிவிக்கும். வெள்ளைக்காரன் காலத்திலும் அதுதான் முறை. சிப்பி இளசாக இருந்தால் மூடித்தான் வைக்க வேண்டும். மூடி வைத்தாலும் உறுதியில்லை. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து பாரை மூடிவிடலாம். திருக்கையும் கிளாத்தியும் தின்று தீர்த்துவிடலாம். ராஜாவுக்கும் கலெக்டருக்கும் கட்டுப்படாத காடு அது. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை.

1973இல் வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து எடுத்தார்கள். 1981இல் சிப்பிக் குஞ்சையும் பொரிக்க வைத்தார்கள். பெரிய சாதனை. தாத்தா சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “சிப்பிய வளத்துட்டாங்க. பாரை யாரு வளப்பா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் கனம் வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பல காலம் முருகைக்கல்லைப் பெயர்த்துச் சுண்ணாம்புக்கு எரித்தார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. வான் தீவும் கரைந்துகொண்டே வந்ததால், 2015 முதல் அதைச் சுற்றிச் சிமென்டில் செயற்கைப் பாறை செய்து இறக்கினார்கள். கடல் இலவசமாய்க் கட்டித் தந்ததைப் பெயர்த்துவிட்டு, பிறகு காசு கொடுத்துக் கட்டுகிறோம்.

சட்டங்களும் வந்தன. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இவை வேண்டியவைதான். ஆனால் விட்டுவைக்கும் பழக்கம் சட்டத்தோடு பிறந்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலில் இறங்குவதில்லை. கோவிலுக்காக நின்றோம், கடலும் அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டது. காக்கும் வேலையில் அதிகாரியின் கணக்கு ஒரு பாதி என்றால், கரைக்காரனின் அடக்கம் மறுபாதி. கரைக்காரனைக் கேட்காமல் வரைபடத்தில் இழுக்கும் கோடு தண்ணீரில் நிற்காது.

போன முறை ஊருக்குப் போனபோது ஆற்றுமுகத்துப் பக்கம் நடந்தேன். அலைச்சறுக்கு விளையாடவும் படம் எடுக்கவும் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். வரட்டும், பார்க்கப் பார்க்கத் தீராத ஊர் அது. மணல் மேட்டில் வண்டித் தடம் இரண்டு கோடாக ஏறியிருந்தது. தடத்துக்குள் அடப்பங்கொடி நசுங்கிக் கறுத்துக் கிடந்தது. அந்த இடத்தில் மட்டும் மணல் புகையாய்ப் பறந்து ஊர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மணப்பாட்டுக்கு வாருங்கள். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கொடி படர்ந்த இடத்தைச் சுற்றிப் போங்கள். முள்பந்து ஒன்று உருண்டு வந்தால் கொஞ்சம் ஒதுங்கி அதற்கு வழி விடுங்கள்.