கேவலார் அன்னையின் முற்றத்தில்

ஜெர்மனி நாட்டின் மேற்கே, ஹாலந்து எல்லைக்கு அணித்தாகக் கேவலார் என்னும் சிற்றூர் உள்ளது. முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவை எரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1641-ஆம் ஆண்டு, பூஸ்மன் என்னும் ஏழை நடைவியாபாரி வழியோரச் சிலுவையடியில் செபிக்கையில், அங்கே ஒரு சிற்றாலயம் எழுப்புமாறு பணிக்கும் குரலைக் கேட்டாராம். 1642 ஜூன் முதல் நாள் அங்கு நிறுவப்பெற்றது உள்ளங்கை அளவேயான ஒரு காகிதப் படம். துயருறுவோரின் ஆறுதலாகிய அன்னை என்று அதனை வணங்குகின்றனர். 1987-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அங்கு வந்து செபித்தார்.

போரில் பிறந்த இத்திருத்தலம், போரால் புலம்பெயர்ந்த ஈழத்தமிழருக்கும் தாய்வீடாயிற்று. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பாவெங்குமிருந்து அவர்கள் ஆயிரக்கணக்கில் திரள்கின்றனர். மடுமாதாவைப் பிரிந்த ஏக்கத்தோடு கத்தோலிக்கர் வருகின்றனர். சைவப் பெருமக்களும் மெழுகுதிரி ஏந்தி வருகின்றனர்.

அவ்விழாவில் பங்குபெறும் பேறு அண்மையில் நமக்கும் கிட்டியது. திருப்பலி முடிந்து முற்றத்தில் நின்ற நம்மை ஒருவர் உற்றுநோக்கி, "சுவாமி, தோட்டனூத்துக்கு ஞாயிறுதோறும் சைக்கிளில் வருவீங்கள், என்னைத் தெரியுதோ?" என்றார். நாம் திகைத்தோம். 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி, மண்டபம் வழியே திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்து முகாமுக்கு வந்த சிறுவன்! குருமட மாணவராய் விடுமுறையில் நாம் மறைக்கல்வி கற்பித்த பிள்ளைகளுள் ஒருவன். இன்று நரையோடிய குடும்பத்தலைவர், ஜெர்மானியக் குடிமகன்.

சிறுமலையில் மழை பெய்கிறதா, பேருந்து நிலையம் எப்படி உள்ளது என்றெல்லாம் வினவினார். அவருடைய தமக்கையாரை நலம் விசாரித்தோம். அவர் குரல் தழுதழுத்தது.

"அம்மாவின் அடக்கத்துக்கு நான் வந்து போனேன், சுவாமி. அக்காவை இங்கே கூப்பிட வழியில்லை. எந்த நாடு அவளுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்?"

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே படகில் வந்தவர்கள். தம்பிக்கு ஒரு நாடு கிடைத்தது. தமக்கைக்கு இன்னும் கிடைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் ஈழத்தமிழருக்கு இடமில்லை. நாம் விடைபெறுகையில் சிறிய மெழுகுதிரி ஒன்றைத் தந்து, "இதை அவளிடம் கொடுங்கோ" என்றார்.

தோட்டனூத்தில் தமிழக அரசு 321 வீடுகள் கட்டி, 2022 செப்டம்பரில் திறந்து வைத்தது. அவ்வீடுகளுள் ஒன்றில் வாழும் தமக்கையார் அந்த மெழுகுதிரியை மாதா படத்தின்முன் வைத்தார், ஏற்றவில்லை. "தம்பி வரும்போது ஏற்றுவோம்" என்றார்.

பங்குக் குடும்பத்தாரே, தொலைதூரத் திருத்தலங்களுக்குப் பொருள் செலவிட்டுச் செல்கிறோம், நன்று. நம் ஊர் எல்லையிலேயே, வீடு கிடைத்தும் நாடு கிடைக்காத நம் உடன்பிறப்புகள் வாழ்கின்றனர். திண்டுக்கல்லிலிருந்து சிறிது நேரப் பயணமே. ஒரு ஞாயிறு மாலை, பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அவர்களோடு அமர்ந்து பேசி வாருங்கள். அதுவும் ஒரு திருயாத்திரையே.