குருநகரில் வந்து மறைந்த வழு

மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருக எனக் குழுவினர் பணித்தபொழுது, கல்லூரிக் கால நினைவுகளையே எழுதுவதென எண்ணியிருந்தோம். அவற்றை எம்மினும் நயம்பட எழுதவல்லார் பலர் உளராதலின், எம் தொழிலில் யாம் இழைத்த பிழையொன்றை எழுதத் துணிந்தோம்.

முன்னாளிற் கரையூர் என வழங்கிய குருநகர், யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையில் அமைந்துள்ளது. சோளகம் எழும் மாதங்களில் ஏரியின் மேலாக வருங் காற்று நேரே ஊருக்குள் வீசும். அதிலுள்ள உப்பின் வன்மையை அவ்வூர்ச் சன்னற் கம்பிகளும் சைக்கிட் சங்கிலிகளும் நன்கறியும். 2018ஆம் ஆண்டின் சோளகக் காலத்தில் அங்குள்ள ஐஸ் தொழிற்சாலையொன்றிலிருந்து எமக்கு அழைப்பு வந்தது. இரவிலே கொம்பிரசர்கள் காரணமின்றி நின்றுவிடுகின்றன என்பது முறைப்பாடு.

ஐஸ் பாளம் உறைவது விரைவில் முடியும் கருமமன்று. நீர் நிரப்பிய தகரப் பெட்டிகளைக் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் இறக்கிவைத்தால், பாளத்தின் பருமனுக்கேற்ப 8 முதல் 36 மணித்தியாலம் வரை செல்லும். நள்ளிரவில் இயந்திரம் நின்றால் விடியலில் நடுவே நீர் நிறைந்த பாளமே கிடைக்கும். படகுகளோ ஐஸுக்காகக் காத்துநிற்கும்.

அங்கு இயந்திரங்களை ஓட்டுவதும் நிறுத்துவதும் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவியின் பொறுப்பு. இக்கருவியை 1968இல் அமெரிக்காவின் மசாச்சூசெட்சு மாநிலத்தில் டிக் மோர்லி என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் வகுத்தனர். தம் நிறுவனத்தின் 84ஆவது திட்டமாதலின் அதற்கு 084 என்றே எண்ணிட்டனர். அதற்கு முன் அலுமாரி நிறைந்த ரிலேக்கள் அவ்வேலையைச் செய்தன. எந்த ரிலே சோர்ந்தது என்பதை ஓசையாலேயே உணரும் பழைய மின்வினைஞரை யாம் கண்டதுண்டு. புதிய கருவியோ வாய் திறவாது. தட்டில் நூல்களை அடுக்கினாற்போல அதன் மொடியூல்கள் செருகப்பட்டிருக்கும். அழுத்தம், வெப்பநிலை, நீர்மட்டம் ஆகிய செய்திகள் அவற்றின் வழியே உட்செல்லும். ஒரு மொடியூல் கணப்பொழுது பேச்சற்றுப் போயினும், கருவி அஞ்சி யாவற்றையும் நிறுத்திவிடும். அவ்வாறு நிறுத்துவதே முறை.

யாம் சென்றபொழுது யாவும் செவ்வனே ஓடின. வழு பதிந்திருந்த நான்காம் இடத்து மொடியூலைக் கழற்றிப் புதியதொன்றைச் செருகினோம். பதினொரு நாள் அமைதி. பன்னிரண்டாம் இரவு மீண்டும் நின்றது. மறுபடியும் சென்று, கழற்றித் துடைத்துச் செருகினோம். மீண்டும் சிலநாள் அமைதி. நின்ற இரவுகள் யாவற்றிலும் காவலிருந்தவர் ஒரே இயக்குநர் என்பதை நிருவாகத்தினர் சுட்டிக்காட்டினர். அவரை வினவினோம்.

"நான் அதிலை கை வைக்கேல்லை, தம்பி. அது தானாத்தான் நிண்டது" என்றார்.

யாம் நம்பவில்லை. கருவியிற் குறையில்லை எனவும், இயக்குவோர் கவனத்தை ஆராய்தல் தகும் எனவும் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டோம். அவர் இரவு வேலையினின்றும் நீக்கப்பட்டு, முற்றத்தில் ஐஸ் பாளம் இழுக்கும் வேலைக்கு விடப்பட்டார். இரவுப்படியும் போயிற்று.

அவர் நீங்கிய ஆறாம் இரவில் இயந்திரம் மீண்டும் நின்றது.

எமது பௌதிக ஆய்வுகூடத்திலே தடைப்பெட்டியின் பித்தளை முளைகளைத் திருகி இறுக்காது அளவெடுத்து ஏச்சு வாங்கியோர் இம்மலரை வாசிப்போருட் பலர் இருத்தல் கூடும். யாமும் அவர்களுள் ஒருவரே. தளர்ந்த முளை ஒருகாற் தொடும், ஒருகாற் தொடாது. கல்வனோமானியின் ஊசி அலைந்துகொண்டேயிருக்கும். மொடியூலைக் கழற்றிச் செருகும்போதெல்லாம் அதன் ஊசிகள் உராய்ந்து, படிந்த துரு சிறிது அகலும். தொடுகை சிலநாள் நன்றாகும். மருந்தென எண்ணி யாம் செய்தது, நோயின் தடயத்தை அழித்ததேயாம்.

இம்முறை எதனையும் துடைக்கவில்லை. முற்றத்தில் நின்ற அவரிடமே சென்றோம். "அண்ணை, எந்தெந்த நேரம் நின்றது என்று நினைவுண்டோ?" என்றோம். அவர் ஒன்றுங் கூறாது, மதிலோரத்து அறையிலிருந்து நாட்காட்டித் தாள்கள் சிலவற்றைக் கொணர்ந்தார். ஒவ்வொரு நிறுத்தமும் மணியோடு குறிக்கப்பட்டிருந்தது. அதனருகே இரண்டாம் கொம்பிரசர் ஓடத் தொடங்கிய மணியும் இருந்தது. இரண்டுக்கும் இடையே சில நிமிடங்களுக்கு மேற்பட்ட நாள் ஒன்றேனும் இல்லை. அவ்வியந்திரம் விடியற்காலத் தேவைக்காக இரவில் மட்டுமே ஓடுவது. அவரும் இரவில் மட்டுமே காவலிருந்தவர். இத்தாள்களை முன்னரே காட்டாதது ஏன் எனக் கேட்க வாயெடுத்து அடங்கினோம். யாம் முன்னர் கேட்கவில்லை.

நான்காம் இடத்து மொடியூலையும் ஆறாம் இடத்திலிருந்த அதே வகை மொடியூலையும் இடம் மாற்றினோம். வழு மொடியூலோடு செல்லின் குற்றம் மொடியூலினது. இடத்திலேயே நிற்பின் குற்றம் இடத்தினது. மூன்றாம் இரவு வழு நான்காம் இடத்திலேயே தோன்றிற்று. இரண்டாம் கொம்பிரசர் ஓடுகையில் திருப்புளியின் மரப்பிடியால் பெட்டியை மெல்லத் தட்டினோம். செவ்விளக்கு மின்னி மறைந்தது. பின் தட்டைக் கழற்றிப் பார்த்தபொழுது, நான்காம் இடத்துத் தொடுகையொன்றில் பசுமை படர்ந்திருந்தது. வடம் நுழையுந் துளை அடைக்கப்படாமையால் உப்புக் காற்று அதன்வழி உட்புகுந்திருக்கிறது. குளிரூட்டியிற் கசியும் அமோனியா சிறிதாயினும் ஈரத்தோடு சேர்ந்தாற் செம்புக் கலவைகளை அரிக்கும். கொம்பிரசரின் அதிர்வு அதே சுவர் வழியாகப் பெட்டியை அடைந்தது.

தட்டை மாற்றி, துளையை அடைத்து, பெட்டியைச் சுவரினின்றும் பிரித்து இறப்பர்த் தாங்கிகளில் நிறுத்தினோம். அச்சோளகம் முடியுமட்டும் இயந்திரம் நிற்கவில்லை.

இரண்டாவது கடிதமும் எழுதினோம். அவர் இரவு வேலைக்கு மீண்டார்; இழந்த படியிற் பாதி கிடைத்தது. யாம் விடைபெறும் நாளில், எமது முதற் கடிதத்தைக் கோவையினின்றும் எடுத்துவிடலாகுமோ எனக் கேட்டார். கந்தோரில் வினவினோம், கோவையில் இட்ட கடிதத்தை எடுத்தல் வழக்கமில்லை என்றனர். இரண்டாவதை முதலதன் மேல் வைத்துக் கோத்தனர்.