சங்கு நின்ற ஊரில் ஷிப்டு நிற்கவில்லை

கோலார் தங்கவயலில் குவிந்து கிடக்கும் 13 மணல்மேடுகளை ஏலம் விட்டு, அவற்றில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசு ஒரு யோசனை வைத்தது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது. ஏறத்தாழ 3.3 கோடி டன் மண். பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. ஊர்க்காரர்களுக்கு அது சயனைடு மலை. காற்றுக்காலத்தில் கொடியில் காயும் துணியிலும் மூடாத பாத்திரத்திலும் வந்து உட்காரும் வெள்ளைத் தூசி. 'கே.ஜி.எஃப்' படமும் 'தங்கலான்' படமும் வந்தபின் இந்த மேடுகளைப் படம் பிடிக்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எழுதுவது பெரும்பாலும் இரண்டே விஷயம்: ஒன்று தங்கம், இன்னொன்று பாழ். 2001 பிப்ரவரி 28-உடன் சுரங்கம் மூடப்பட்டது, ஊர் செத்தது, கதை முடிந்தது. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. தங்கவயல் மக்கள் நூற்றிருபது ஆண்டுகளில் கற்ற தொழில் பாறை உடைப்பது மட்டுமல்ல. அடுத்தவர் கையிலிருக்கும் கடிகாரத்துக்குள் தங்களுக்கென்று கொஞ்சம் நேரம் செதுக்கி எடுப்பதும் ஒரு தொழில்தான். சுரங்கம் மூடியபின்னும் அந்தத் தொழில் நடக்கிறது.

சுரங்கத்தின் கருவிகளில் டிரில்லுக்கும் பாறையைப் பொடிக்கும் ஸ்டாம்ப் மில்லுக்கும்தான் பெயர் அதிகம். எனக்கு முக்கியமாகப் படுவது வைண்டர். பூமிக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டின் மேலே ஒரு கட்டடம், அதற்குள் ஆள் உயரத்தைத் தாண்டும் உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு, கயிற்றின் நுனியில் கேஜ் என்னும் கூண்டு. வைண்டர் ஓட்டுபவர் தரைமட்டத்தில் உட்கார்ந்திருப்பார். தான் இறக்கும் கூண்டையோ அதிலிருக்கும் ஆட்களையோ அவர் பார்ப்பதில்லை. கண்ணெதிரே ஆழம் காட்டும் முள், காதில் மணி. ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஏறியிருப்பது கல்லல்ல, மனிதர்கள், பார்த்து ஓட்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஒரே கயிற்றில் அடிவரை இறங்க வழியில்லை. பாதியில் இறங்கி, சுரங்கத்துக்குள் நடந்து, வேறொரு ஷாஃப்டில் ஏற வேண்டும். 1965-இல் வளிமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தைத் தேடி வந்த இயற்பியலாளர்களும் கேஜில்தான் இறங்கினார்கள், மணி அவர்களுக்கும் மூன்றுதான். இந்த ஏற்பாடு பழக்கிவிட்ட குணம் ஒன்று உண்டு. போவதும் வருவதும் தனியாள் காரியமல்ல. கூட்டமாக ஏறுவது, கூட்டமாக இறங்குவது, ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர் கவனிப்பது என்று பயணமே வேலையின் பாதியாக இருந்தது.

மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இதே நேரத்தை வேறு விதமாகப் பழகினார்கள். சுரங்கத்தின் சங்கு ஊதினால் உலை வைக்கும் நேரம், அடுத்த சங்குக்கு முன் குழம்பு இறங்க வேண்டும். பூமிக்கடியில் பாறை வெடித்து நொறுங்கும்போது தரை அதிரும், அலமாரிப் பாத்திரம் சலசலக்கும், அந்த ஷிப்டில் போனவன் வாசலில் வந்து நிற்கும்வரை வீட்டில் யாரும் சாப்பிட உட்காரமாட்டார்கள். இத்தனைக்கும் நடுவில்தான் ஊரின் சந்தோஷங்கள் முளைத்தன. ஷிப்டு முடிந்து தலையில் தண்ணீர் ஊற்றியபின் குடிக்கும் டீ, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குச் சம்பள நாளில் குடும்பத்தோடு போய்வரும் நடை, கால்பந்து, கிறிஸ்துமஸ் நட்சத்திரம். இவை மட்டும்தான் என்றால் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907-இல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் 1926-இல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் கொண்டுவந்தது இந்தத் தங்கவயலிலிருந்துதான். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி வந்தவர்களின் ஊர் பௌத்த சங்கம் நடத்தியது, பத்திரிகை அச்சிட்டது, கூடி உட்கார்ந்து வாசித்தது. எட்டு மணிநேரம் பூமிக்குள் இருந்தவர்களின் மிச்ச நேரம் அப்படிச் செலவானது. கம்பெனியின் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் வெள்ளைக்காரர்களுக்கு. தங்கள் இன்பங்களைத் தொழிலாளர்கள் தாங்களாகத்தான் கட்டிக்கொண்டார்கள்.

இப்போது மாரிக்குப்பம் ரயில் நிலையத்துக்கு வாருங்கள், விடியுமுன். 1894-இல், இந்தப் பாதை போய்ச் சேரும் பங்காரப்பேட்டைக்குப் பவுரிங்பேட்டை என்று பெயர் இருந்த காலத்தில், சுரங்கத்துக்காகப் போட்ட பாதை இது. அன்று நிலக்கரியும் எந்திரமும் உள்ளே வந்தன, இன்று மனிதர்கள் வேலைக்காக வெளியே போகிறார்கள். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று நிலையத்துக்கு நிலையம் கூட்டம் ஏறுகிறது. பெங்களூரு சுமார் 100 கிலோமீட்டர். போக இரண்டு மணிநேரத்துக்கு மேல், திரும்பவும் அவ்வளவு. ஒரு ஷிப்டில் பாதிக்கு மேல் தண்டவாளத்திலேயே கழிகிறது. பெட்டிக்குள் பார்த்தால் கேஜின் பழக்கம் அப்படியே தெரியும். யாருக்கு எந்த இடம் என்று எழுதாத சட்டம். கோரமண்டலில் ஏறுபவருக்காகக் கைக்குட்டை போட்டு வைத்த ஜன்னலோரம். நால்வர் முழங்காலில் ஒரு துண்டை விரித்தால் அது சீட்டு மேசை. மார்கழியில் அவரைக்காய் வந்துவிட்டால் பெண்கள் பக்கம் மடி நிறையத் தோல் உரிகிறது. உரித்ததை ராத்திரி ஊறவைத்து, மறுநாள் விரலால் பிதுக்கித் தோலெடுத்தால்தான் பிதுக்கம்பருப்புக் குழம்பு. வீட்டில் உட்கார்ந்து உரிக்க நேரமில்லாதவர்களுக்கு மாலூருக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவில் அந்த நேரம் கிடைக்கிறது. திரும்பும் வண்டியில் பூச்சரம், தூக்கம், யாரோ பிரித்து நீட்டும் சிப்ஸ் பொட்டலம். வேறு பெயர் தெரியாததால் இதை நகர வாழ்க்கை என்கிறேன். அந்த நகரம் பெங்களூரிலும் இல்லை, தங்கவயலிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் தினம் இரண்டு தடவை கூடிக் கலைகிறது.

இப்படி எழுதினால் வறுமைக்கு ஜரிகை வைத்துத் தைக்கிறாய் என்பார்கள். நியாயமான கேள்வி. ஜன்னலோர இடம் நான்கரை மணிநேரத்துக்கு ஈடாகாது. ஆனால் நான் சொல்லவந்தது பயணம் இனிமையானது என்றல்ல. இனிமை இல்லாத இடத்திலும் அதை உண்டாக்கத் தெரிந்தவர்கள் இருக்கும் ஊரைச் செத்த ஊர் என்று சொல்லக்கூடாது என்பதுதான் வாதம். மும்பையில், சென்னையில், எங்கும் மின்ரயிலில் இது நடக்கிறதே, இதில் தங்கவயலுக்கு என்ன தனி என்றும் கேட்கலாம். அங்கெல்லாம் ரயிலோடு சேர்ந்து நகரம் நீண்டது. வேலை தேடிப் போனவர்கள் பாதையோரம் குடியேறினார்கள். இங்கே வேலையே ஊரைவிட்டுப் போய்விட்டது. வீடு மட்டும், அதுவும் பட்டா சிக்கலோடு, பழைய லைனில் நிற்கிறது. வாடகை கொடுத்துப் பெங்களூரில் தங்க அங்கே கிடைக்கும் சம்பளம் போதாது. போதுமானதாக இருந்தால் இந்த ரயிலில் இத்தனை கூட்டம் இருக்காது.

சம்பளம் ஏன் போதவில்லை என்று கேட்டால் நடுவிலிருப்பவனைப் பற்றிப் பேசியாக வேண்டும். சுரங்கத்தின் ஆரம்ப காலத்தில் ஆள் பிடித்துக் கொடுத்தவர் காண்ட்ராக்டர். வேலை வாங்கியது கம்பெனி, கூலியில் கை வைத்தது இவர். இன்று மால் துடைக்கவும் கேட்டில் காவல் நிற்கவும் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் அவருடைய பேரன்தான். விமான நிலையம்போல் பளபளக்கும் கட்டடத்தின் முதலாளிக்கு, அதைத் துடைக்கும் பெண் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று தெரியவேண்டிய அவசியமே இல்லாதபடி நடுவில் ஒருவர் நிற்கிறார். 1930-இல் சுரங்கத் தொழிலாளர்களைப் பதிவுசெய்து விரல்ரேகை எடுக்கக் கம்பெனிகள் முயன்றபோது, எங்களைக் குற்றவாளியாக்குகிறாயா என்று தங்கவயல் மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் நின்றது. அவர்களின் வாரிசுகள் இன்று தினம் காலையில் ஒரு சிறு கருவியில் விரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். ரயில் பத்து நிமிடம் பிந்தினால் அந்தக் கருவிக்குத் தெரியும். துடைக்கும் பெண் நான்கு மணிக்கே எழுந்தது அதற்குத் தெரியாது. எதிர்ப்பு எங்கே போயிற்று என்று கேட்பது எளிது. அன்று எல்லோருக்கும் நிர்வாகம் ஒன்று, வாசல் ஒன்று. இன்று ஒரு பெட்டியில் இருக்கும் நூறு பேருக்கு நூறு வாசல். ரயிலில் ஒன்றாக இருப்பவர்கள் பெங்களூரின் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கியதும் தனித்தனி ஆளாகிவிடுகிறார்கள். இந்தத் தலைமுறை இழந்ததில் பெரிய இழப்பு அதுதான், தங்கம் அல்ல.

ஏலச் செய்திக்கே திரும்புகிறேன். மேடுகளைக் கரைத்தால் எவ்வளவு தங்கம் வரும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கணக்கர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஏல நிபந்தனைகளை எழுதப்போகும் அதிகாரிகளிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. இந்த மேடுகளின் தூசியைச் சுவாசித்து வளர்ந்தவர்களை, நடுவில் காண்ட்ராக்டர் இல்லாமல், நேரடிச் சம்பளத்தில், மாரிக்குப்பத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வேலைக்கு எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.