மருந்து ஏறிய நாட்கள்

மார்பில் கட்டி என்று ஆபரேஷன் ஆகி, அடுத்து கீமோதெரபி கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, வியாதியைவிட மருந்துக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். "அது ஆளையே உருக்கிடுமாம்" என்று ஆளுக்கு ஆள் சொல்லியிருந்தார்கள். 16 தடவை மருந்து ஏற்றிக்கொண்டு எழுந்தவள் என்ற முறையில், எனக்குப் பயன்பட்டவற்றைச் சகோதரிகளுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

புற்றுநோய்ச் செல்கள் வேகமாகப் பெருகுகிறவை. அப்படிப் பெருகுகிறவற்றைத் தாக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. ஆனால் தலைமுடியின் வேர், வாயின் உட்புறம், குடல், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை இவையும் வேகமாக வளர்கிறவை ஆயிற்றே! களையோடு கொஞ்சம் பயிரும் மாட்டிக்கொள்கிறது. பயிர் மறுபடி தழைத்துவிடும் என்று நர்ஸ் விளக்கியதும் பாதி பயம் போயிற்று.

முதல் நான்கு தடவை 21 நாளுக்கு ஒருமுறை மருந்து. அதில் ஒன்று ரோஸ்மில்க் எஸென்ஸ் போல் சிவப்பு. ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், ரத்தமல்ல என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. அந்த நாட்களில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

குமட்டலுக்குத் தரும் மாத்திரையை, வாந்தி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கக் கூடாது. எழுதிக் கொடுத்த வேளைக்குப் போட்டுவிட வேண்டும். எனக்குத் தாளிக்கிற வாசனையே ஆகவில்லை. மாமியார் நான் எழுந்திருக்கும் முன்பே சமையலை முடித்துவிடுவார். சூடான சாப்பாட்டைவிட ஆறியதில் வாசனை குறைவு. ஆறின இட்லி ஒன்று, குழைந்த மோர் சாதம் நாலு வாய் என்று இரண்டு மணிக்கு ஒருதரம் சாப்பிட்டேன். எவர்சில்வர் டம்ளரில் குடித்தால் இரும்பு வாடை அடித்தது. பீங்கான் கோப்பைக்கு மாறினேன்.

வாய்ப்புண்ணுக்கு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன் கலந்து தினம் நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்பினேன். காரமும் புளியும் கொஞ்ச நாள் விலகியிருந்தன.

17-ம் நாள் முடி கொத்தாக வந்தது. மீதியையும் எடுத்துவிடலாம் என்றபோது உறவில் ஒரு பாட்டி, "சுமங்கலி தலையை மழிக்கிறதாவது!" என்று முணுமுணுத்தார். என் மாமியார்தான், "பழனியிலே முடி இறக்கினா இப்படிக் கேட்பீங்களா? இதுவும் உசிருக்குச் செய்யற பிரார்த்தனைதான்" என்று வாயை அடைத்தார். என் ஒன்பது வயதுப் பெண் மூன்று நாள் கிட்டேயே வரவில்லை. நாலாம் நாள் மெல்லத் தொட்டுப் பார்த்து, "பாப்பா தலை மாதிரி இருக்கும்மா" என்றாள். இது ஒட்டிக்கொள்ளும் வியாதியல்ல என்று அவளை மடியில் உட்காரவைத்துச் சொன்னேன். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் சொல்வது ரொம்ப முக்கியம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஜுரம். மருந்து ஏறி ஒன்று, இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். கிருமியை எதிர்க்க ஆளில்லாத நேரம் அது. இரண்டாவது தடவையின் 10-ம் நாள் ராத்திரி லேசாகக் குளிரிற்று. தெர்மாமீட்டர் 100.8 டிகிரி காட்டியது. "ஒரு பாராசிட்டமால் போட்டுக்கோ, விடியட்டும்" என்றார் என் கணவர். "100.4 ஆனா, எந்நேரமானாலும் வரச் சொல்லியிருக்காங்க. மாத்திரை போட்டா ஜுரம் தெரியாம மறைஞ்சுடும்" என்றேன். ஒரு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். போனவுடனே ரத்தப் பரிசோதனை, நரம்பில் ஆன்ட்டிபயாடிக். ஐந்து நாள் இருக்க வேண்டியிருந்தது. "விடியட்டும்னு இருந்திருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்" என்றார் டாக்டர். என் கணவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து தெர்மாமீட்டர் அவர் தலையணைக்குக் கீழேதான் இருந்தது!

பிறகு 12 வாரம் வேறு மருந்து. இதில் விரல் நுனி மரத்துப்போகும். சூடு உறைக்காது. ஒருநாள் தோசைக்கல்லின் காதில் கை பட்டது, கொப்புளம் எழும்பின பிறகுதான் தெரிந்தது. பிடிதுணி இல்லாமல் அடுப்பைத் தொடாதீர்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். மரமரப்பை டாக்டரிடம் சொன்னால் மருந்தின் அளவைக் குறைத்தோ தள்ளிப்போட்டோ தருவார். எனக்கு அப்படித்தான் குறைத்தார்.

கஷாயம், லேகியம் என்று அன்போடு கொண்டுவருவார்கள். டாக்டரைக் கேட்காமல் எதையும் சாப்பிட வேண்டாம். ஏறுகிற மருந்தோடு அது மோதக்கூடும். ஒரு நோட்டில் தேதி போட்டு ஜுரம், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் எழுதி வையுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும். "இதைப் போய்ச் சொல்வானேன்" என்று பொறுத்துக்கொள்வது நம் பெண்களுக்குப் பழகிப்போன குணம். இந்த வியாதியில் மட்டும் அந்தப் பொறுமை வேண்டாம், சகோதரிகளே!